மும்பைக் கடற்கரைக்குப் போவதும் அதைப் பார்த்துக்கொள்வதும் எப்படி

மும்பையில் வாழும் நம்மில் பலருக்குக் கடற்கரை என்றால், ஊரிலிருந்து யாராவது வரும்போது ஜுஹுவுக்குக் கூட்டிப்போய் பேல்பூரி வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்புவது, அவ்வளவுதான். தாராவியில் இருப்பவர்களுக்கு மாஹிம் கரை நடக்கிற தூரம்தான், மாதுங்காவிலிருந்து தாதர் சிவாஜி பார்க் கரை அதைவிடப் பெரிய தூரமில்லை, ஆனாலும் "அங்கே ஒரே குப்பை, யார் போவா" என்று ஒதுங்கிவிடுகிறோம். குடும்பங்கள் போகாத கரையில்தான் ராத்திரியோடு ராத்திரியாக இடிபாட்டு மண்ணைக் கொட்டுகிறார்கள், வண்டி நிறுத்துகிறார்கள், கொஞ்ச நாளில் ஒரு கம்பிவேலியும் முளைத்துவிடுகிறது. அதனால் கரையைக் காப்பாற்றுவதில் முதல் வேலை அங்கே அடிக்கடி போவது. எப்போது போவது, போய் என்ன செய்வது, யாராவது வழியை மறித்தால் யாரிடம் கேட்பது, இதெல்லாம் தெரிந்தால் போகிற தயக்கம் பாதி போய்விடும். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஏற்றவற்றம்

தூத்துக்குடி, திருநெல்வேலி, சென்னைப் பக்கம் கடல் பார்த்து வளர்ந்தவர்கள் "கடலைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா" என்பார்கள். நம் ஊர்க் கடல் வேறு, இந்தக் கடல் வேறு. சென்னையில் கடல் மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் சொச்சம்தான், தூத்துக்குடியில் அதைவிடக் குறைவு. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது நான்கு மீட்டரைத் தாண்டும், ஒரு மாடி உயரத்துக்கு மேல். மெரினாவில் காலையில் எங்கே அலை அடித்ததோ மாலையிலும் கிட்டத்தட்ட அங்கேதான் அடிக்கும், அந்தப் பழக்கத்தில் இங்கே வந்து பாறை மேல் துண்டையும் செருப்பையும் வைத்துவிட்டு உள்ளே நடந்து போனால் திரும்பி வர வழி இருக்காது.

கணக்கு சுலபம். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அதனால் தினமும் நேரம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். தண்ணீர் ஒரே சீராக ஏறாது என்பதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றாவது நான்காவது மணிகளில் மூன்று மூன்று, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. நான்கு மீட்டர் ஏறும் நாளில் முதல் மணியில் முப்பத்துமூன்று சென்டிமீட்டர்தான் ஏறும், "ஒன்றும் ஆகவில்லையே" என்று தோன்றும், மூன்றாம் மணியில் ஒரே மணி நேரத்தில் ஒரு மீட்டர் ஏறிவிடும். சரிவு குறைந்த கரையில் ஒரு மீட்டர் என்றால் தண்ணீர் பல பத்து மீட்டர் உள்ளே வந்துவிடும், அதுவும் நேராக வராது, முதலில் உங்களுக்குப் பின்னால் இருக்கும் பள்ளங்களை நிரப்பிக்கொண்டு வரும். பாந்த்ராவின் கார்ட்டர் ரோடு, பேண்ட்ஸ்டாண்ட் பாறைகளில் ஆட்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

பஞ்சாங்கம் பார்க்கிற வீடு என்றால் இன்னும் வசதி. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் ஏறக்குறைய நடுப்பகலிலும் நள்ளிரவிலும் உச்சத்துக்கு வரும், காலை ஆறு ஏழு மணியிலும் மாலையிலும் தண்ணீர் வெகுதூரம் வற்றிக் கிடக்கும். அஷ்டமியை ஒட்டி இது தலைகீழ், ஏற்றவற்ற வித்தியாசமும் நன்றாகக் குறையும். ஆடி அமாவாசை, தை அமாவாசை தர்ப்பணத்துக்குக் கடலுக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அதிகாலையில் போனால் சேற்றைத் தாண்டித்தான் தண்ணீரைத் தொட முடியும், ஒன்பது பத்து மணிக்குப் போனால் தண்ணீர் மிக வேகமாக ஏறிக்கொண்டிருக்கும், வயதானவர்களை முழங்காலுக்கு மேல் இறங்க விடாதீர்கள். சரியான நேரத்துக்கு டைடு அட்டவணை கைபேசியிலேயே கிடைக்கிறது. மழைக்காலத்தில் 4.5 மீட்டருக்கு மேல் ஏறும் நாட்களின் பட்டியலை மும்பை மாநகராட்சியான பிஎம்சி முன்கூட்டியே வெளியிடும், செய்தித்தாள்களிலும் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கரையில் நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கடலில் இறங்க வேண்டாம். 2022 மழைக்காலத்தில் ஆரஞ்சு, ரெட் எச்சரிக்கை நாட்களில் காலை 6 முதல் 10 வரை மட்டுமே கரைக்கு விடுவோம் என்று மாநகராட்சி கட்டுப்பாடு போட்டது, அப்படி அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எந்தக் கரை

பிள்ளைகளோடு போக கிர்காவ் சௌபாட்டி சுலபம், சர்னி ரோடு ஸ்டேஷனில் இறங்கிச் சாலையைக் கடந்தால் மணல். ஜுஹு, வெர்சோவா, தாதர், கிர்காவ், அக்சா, கோராய் ஆகிய ஆறு கரைகளிலும் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள், சிவப்புக் கொடி பறந்தால் பேச்சே கிடையாது. அக்சா பார்க்க அழகான கரை, மாலாட் ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸும் உண்டு, ஆனால் அங்கே கடலுக்குள் இறங்காதீர்கள். மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும், இடுப்பளவு என்று நினைத்து அடுத்த காலை வைத்தால் ஆழம், நீரோட்டமும் இழுக்கும். நீச்சல் தெரிந்த இளைஞர்கள்கூட அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். எந்தக் கரையிலும் தண்ணீர் உங்களை வெளிப்பக்கம் இழுத்தால் அதை எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள், இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்பலாம்.

ஜூலை, ஆகஸ்ட்டில் ஜுஹு, அக்சாப் பக்கம் நீல பலூன் மாதிரி ஒன்று ஒதுங்கும், ப்ளூ பாட்டில் என்பார்கள். செத்து மணலில் கிடந்தாலும் அதன் நூல் பட்டால் தீயாக எரியும், பிள்ளைகள் பொம்மை என்று எடுத்துவிடுவார்கள். பட்டுவிட்டால் தேய்க்காமல் ஒட்டியிருக்கும் நூலைக் குச்சியால் எடுத்துவிட்டு, கடல் தண்ணீரால் கழுவி, தாங்குகிற சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். மூச்சுத் திணறினால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கோலிகளின் இடம்

மாஹிம், வர்லி, வெர்சோவா, மட், கார் தண்டா என்று கரையோரம் முழுக்கக் கோலிவாடாக்கள், அதாவது கோலி மீனவர்களின் குடியிருப்புகள், உண்டு. இந்த நகரம் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள் அவர்கள். வெர்சோவாவிலும் மட்டிலும் மூங்கில் சட்டங்களில் பொம்பில் மீன் வரிசையாகக் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர்க் கருவாட்டுக் களத்துக்குள் செருப்போடு நுழைய மாட்டோம் அல்லவா, அந்த மரியாதை இங்கேயும் வேண்டும். வலை விரித்திருந்தால் சுற்றிப் போங்கள், படகின் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள், ஆளைப் படமெடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். டைடு பற்றிச் சந்தேகம் இருந்தால் "பர்தி கதி ஆஹே, தாதா" (ஏற்றம் எப்போது, அண்ணா) என்று மராத்தியில் கேட்டுப் பாருங்கள், எந்தச் செயலியும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை, நம் பக்கத்துத் தடை ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் நடுவில் முடிவது போல. அந்த மாதங்களில் படகுகள் கரையில் நெருக்கமாக ஏற்றி வைக்கப்பட்டிருக்கும், கடலுக்குத் தேங்காய் படைக்கும் நாரளி பூர்ணிமாவையொட்டித்தான் கடலுக்குப் புறப்படுவார்கள்.

குப்பை எடுப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனதோடு வந்து பாதி வேலையைக் கெடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

மும்பையில் இதற்குப் பெரிய முன்னுதாரணம் வெர்சோவா. அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞர் 2015 அக்டோபரில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து ஆரம்பித்தார், வாராவாரம் ஆட்கள் கூடினார்கள், 2016ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் விருது அவருக்குக் கிடைத்தது. 2018 மார்ச்சில் அதே கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைக் குஞ்சுகள் பொரித்துக் கடலுக்குப் போயின. அதற்குப் பிறகும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அங்கே குப்பை வந்து விழுந்துகொண்டுதான் இருக்கிறது. காரணம் நாலாக்கள் எனும் சாக்கடைக் கால்வாய்களும் மித்தி ஆறும். விஹார், பவாய் ஏரிப் பக்கம் கிளம்பும் மித்தி, குர்லா, தாராவி ஓரமாக வந்து மாஹிமில் கடலில் சேர்கிறது. நம் சந்தில் சாக்கடையில் விழும் மசாலா பாக்கெட் மாஹிம் கரைக்கு வருவதற்கு ஒரு நல்ல மழை போதும். அதனால் கரையில் எடுப்பதோடு, தெரு நாலாவில் கொட்டுவதை நிறுத்தச் சொல்லித் தெருவில் பேசுவதும் இதே வேலையின் பாதிதான், இரண்டில் இது கடினமான பாதி.

நேரம்: வற்றம் முடியும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னால் ஆரம்பியுங்கள். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்கக் கீழே இறங்கிக்கொண்டே போகலாம், திரும்பவும் நிதானமாக நேரம் இருக்கும். பெரிய ஏற்றத்துக்கு மறுநாள் காலையில் போனால் முந்தைய இரவு கடல் தள்ளிய குப்பை மேல் விளிம்பில் ஒரே கோடாகக் கிடக்கும், எடுப்பது சுலபம்.

சாமான்கள்: மெல்லிய ரப்பர் கையுறை வேண்டாம், ஹார்டுவேர் கடையில் கட்டட வேலைக்கு விற்கும், உள்ளங்கையில் ரப்பர் பூசிய துணிக் கையுறைதான் சரி. அடி தடித்த பழைய ஷூ, செருப்பு கூடாது, உடைந்த பாட்டில் நிறைய கிடக்கும். கறுப்புக் குப்பைப் பை ஈர மணலோடு பத்தடி நடப்பதற்குள் கிழிந்துவிடும், அரிசிச் சாக்கு வாங்கிக்கொள்ளுங்கள், அதையும் பாதிதான் நிரப்ப வேண்டும். மாவு சலிக்கும் சல்லடை ஒன்று இருந்தால் தெர்மாகோல் உருண்டை, காது குடையும் குச்சி, ஸ்ட்ரா போன்ற சின்னச் சாமான்களைப் பிள்ளைகள் உட்கார்ந்து சலித்து எடுப்பார்கள், அவர்களுக்கு அது பிடித்தும் போகும். ஊசி, சிரிஞ்சு கண்ணில் பட்டால் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, பெரியவர் ஒருவர் இடுக்கியால் எடுத்துத் தடித்த பாட்டிலில் போட்டு மூடித் தனியாகக் கொடுக்க வேண்டும். தண்ணீரும் தொப்பியும் சொல்ல வேண்டியதில்லை.

சாக்கில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் உதறுங்கள். அந்த மணல் கரையின் சொத்து, குப்பை லாரியில் ஏறிக் குப்பைக் கிடங்குக்குப் போகக் கூடாது. பாதி புதைந்த துணிகள்தான் மிகவும் பாடுபடுத்தும், மும்பைக் கரைகளில் மணலுக்கடியில் புடவையும் வேட்டியும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன, பூஜைக்கும் சடங்குக்கும் பிறகு தண்ணீரில் விட்டவை. ஈர மணலில் சிக்கிய துணியைச் சுண்டி இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், சுற்றிலும் மண்வெட்டியால் தோண்டித் தளர்த்திவிட்டு இரண்டு பேர் சேர்ந்து எடுக்க வேண்டும். நம் வீட்டுத் தர்ப்பணத்திலும் எள்ளும் தண்ணீரும் மட்டும் கடலுக்குப் போகட்டும், உடுத்திய துணியும் பிளாஸ்டிக் கவரும் வீட்டுக்குத் திரும்பி வரட்டும், பித்ருக்களுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. பிள்ளையார் கரைப்பதற்கும் மாநகராட்சி செயற்கைக் குளம் வைக்கிறது, களிமண் பிள்ளையார் என்றால் வீட்டு வாளியே போதும்.

வலைத் துண்டு கிடந்தால் அறுப்பதற்கு முன் பக்கத்தில் இருக்கும் கோலிக்காரர்களைக் கேளுங்கள், நமக்குக் குப்பையாகத் தெரிவது அவர்கள் காயப்போட்ட வலையாக இருக்கலாம்.

எல்லாவற்றையும் எடுத்துவிடக் கூடாது என்பதும் முக்கியம். கடற்பாசி, சிப்பி, காய்ந்த கட்டை, மணலில் சின்ன நண்டு உருட்டிப் போட்ட உருண்டைகள் எல்லாம் அங்கேயே இருக்க வேண்டியவை. பாறைக் கரையில் கல்லைப் புரட்டினால் இருந்தபடியே மெதுவாகத் திருப்பி வையுங்கள், அதன் அடியில் முட்டையும் நண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஹாஜி அலி, ஜுஹு போன்ற கரைகளில் வற்றத்தின்போது கூட்டிப்போய் கடல் உயிர்களைக் காட்டுகிற நடைகளை மரைன் லைஃப் ஆஃப் மும்பை என்ற தன்னார்வக் குழு 2017 முதல் நடத்துகிறது, ஒருமுறை போய்வந்தால் பவளமும் ஆக்டோபஸும் இந்த ஊர்க் கடலிலா என்று வியப்பீர்கள். கூம்பு வடிவச் சங்கு உயிரோடு இருந்தால் கையில் எடுக்காதீர்கள், அதற்கு விஷம் உண்டு. ஆமையோ டால்ஃபினோ ஒதுங்கியிருந்தால் தண்ணீரில் தள்ளிவிடாமல், கூட்டத்தை விலக்கி வைத்துவிட்டு வனத்துறையின் 1926 எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

நிறைய குழுக்கள் கோட்டைவிடுவது கடைசிக் கட்டத்தில். சாக்குகளைக் கரையிலேயே குவித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், அடுத்த ஏற்றம் அத்தனையையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஏற்றக் கோட்டுக்கு மேலே, லாரி வந்து எடுக்கக்கூடிய இடத்தில் குவிக்க வேண்டும், அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே வார்டு ஆபீஸில் குப்பைப் பிரிவுக்குச் சொல்லி வைக்க வேண்டும். மாஹிம், தாதர் கரைகள் ஜி நார்த் வார்டு, தாராவியும் அதே வார்டுதான், அதனால் தாராவிக்காரர்கள் தங்கள் சொந்த ஆபீஸிலேயே உரிமையோடு பேசலாம். ஜுஹு, வெர்சோவா கே வெஸ்ட், அக்சா பி நார்த், கோராய் ஆர் சென்ட்ரல், கிர்காவ் டி வார்டு. தினமும் கரையைக் கூட்டுகிற தொழிலாளர்களிடமும் முதல் நாளே பேசிவிடுங்கள், எந்த மூலையில் என்ன சேரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பாட்டிலையும் கெட்டிப் பிளாஸ்டிக்கையும் தனியாகப் பிரித்து, கழுவிக் காயவைத்தால் தாராவியில் பழைய சாமான் வாங்கும் பதின்மூன்றாம் காம்பவுண்டில் எடுத்துக்கொள்வார்கள், மணலும் உப்பும் ஒட்டியிருந்தால் வாங்க யோசிப்பார்கள். சிப்ஸ் பாக்கெட்டுக்கு அங்கேயும் மதிப்பில்லை, அது லாரிக்குத்தான்.

வழி மறித்தால்

கடற்கரையில் நடக்க உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. மகாராஷ்டிர நில வருவாய்ச் சட்டம் 1966ன் 20வது பிரிவின்படி ஏற்றக் கோட்டுக்குக் கீழே இருக்கும் கடல்படுகை அரசுடையது. 1996ல் எம்.சி. மேத்தா, கமல்நாத் வழக்கில், இமாச்சலத்தில் ஒரு விடுதிக்காக பியாஸ் ஆற்றைத் திருப்பியதை விசாரித்த உச்ச நீதிமன்றம், கடற்கரை, ஓடும் நீர், காற்று, காடு போன்றவற்றை அரசு மக்களுக்காக அறங்காவலராக வைத்திருக்கிறது, தனியாருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது என்று சொன்னது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள், அதாவது சிஆர்இசட், 1991ல் முதலில் வந்து 2011லும் 2019லும் மாற்றி எழுதப்பட்டவை. ஏற்றக் கோட்டுக்கும் வற்றக் கோட்டுக்கும் நடுவில் இருக்கும் பகுதிக்கு அதில் தனிப் பாதுகாப்பு உண்டு. ரிசார்ட்டுகளுக்கான 2011 விதிமுறையில், இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நடுவே பொதுமக்கள் கரைக்குப் போக 20 மீட்டர் அகல வழி விட வேண்டும், வேலி போட்டாலும் அது கரைக்குப் போகிற வழியை மறிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். கரை பொதுவாக இருந்தாலும் கரைக்குப் போகும் சந்து தனியார் நிலமாக இருக்கலாம். கேட் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் சண்டை. வாட்ச்மேனிடம் கத்திப் பிரயோஜனமில்லை, அவர் சம்பளத்துக்கு நிற்கிறவர். ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது ஒரு படம், வற்றத்தில் அதே இடத்திலிருந்து ஒரு படம், தேதியும் இடமும் பதிவாகும்படி எடுங்கள், வேலி தண்ணீர் வருகிற எல்லைக்குள் இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் மகாராஷ்டிரக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் பகுதியின் வரைபடத்தைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

புகாரை வார்டு ஆபீஸுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதி, ஆணையத்துக்கு நகல் அனுப்புங்கள். மாஹிமுக்கும் அதற்குத் தெற்கேயும் மும்பை நகர ஆட்சியர், பாந்த்ராவிலிருந்து வடக்கே புறநகர் ஆட்சியர். ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கடலோரக் குழு ஒன்று இருக்க வேண்டும், அதில் மீனவர் உட்பட பாரம்பரியக் கடலோரச் சமூகங்களின் தரப்பில் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது, அதனால் கோலிவாடா சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு எழுதினால் கடிதத்துக்குக் கனம் கூடும். இடிபாடு கொட்டுவதை நேரில் பார்த்தால் அப்போதே பிஎம்சியின் 1916க்குக் கூப்பிட்டு லாரி எண்ணைச் சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், மாநிலத்தின் ஆன்லைன் தளத்திலேயே கட்டலாம். மகாராஷ்டிரத்தில் ஒரு மனுவில் ஒரே விஷயம்தான், அதுவும் 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும், நம் ஆட்கள் கதை முழுக்க எழுதி இதில்தான் மாட்டுகிறார்கள். "இந்த சர்வே எண்ணில் வேலிக்கு சிஆர்இசட் அனுமதி கொடுக்கப்பட்டிருந்தால் அதன் நகல் வேண்டும்" என்று ஒரே வரியில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அதற்கும் மேல் போவதானால் புனேயில் இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் மேற்கு மண்டல அமர்வு. அங்கே பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் தரலாம், அதற்கு மேல் கிடையாது. வேலி போட்ட முதல் வாரமே படமும் கடிதமும் கையில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.